ஒரு சைஸ் பெரிய சட்டை

வெள்ளேரி பிரதர்ஸ் அணிக்குப் பச்சைச் சட்டை எடுத்துக் கொடுத்த புத்திசாலி நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது, இல்லாவிட்டால் சேரம்பாடிப் பக்கம் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள். எங்கள் எஸ்டேட் மைதானத்துக்கு நாலு பக்கமும் தேயிலை. அதில் பச்சைச் சட்டை போட்ட ஏழு பேரை இறக்கிவிட்டால், மூன்று மணிக்கு மஞ்சு மூடியதும் எது ஆள் எது செடி என்று ஆடுகிறவனுக்கே தெரியாது. ஒரு காலிறுதியில் எங்கள் ஆள் ஒருவர் கோட்டோரம் நின்ற தேயிலைச் செடிக்கு மிக அழகாகப் பந்தைத் தட்டிக் கொடுத்தார். பந்து சரிவில் உருண்டு ஓடையில் போய் விழுந்தது. அதைத் தேடி எடுத்து வருவதற்குள் ஆட்டத்தின் சூடே ஆறிவிட்டது.

என் பெயர் நாச்சிமுத்து. வெள்ளேரி முக்கில் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ரீசார்ஜ், பள்ளிக்கூட யூனிஃபார்ம், திருப்பூரிலிருந்து வரவழைக்கும் ஜெர்சி. எங்கள் குடும்பம் தாராபுரத்துப் பக்கமிருந்து வியாபாரத்துக்கு மலையேறிய குடும்பம். எஸ்டேட்டில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். தெய்வம்மாவைப் பற்றிச் சொல்ல வந்தவன் சட்டையில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் அவருக்கும் முதல் சண்டை அதில்தான் வந்தது.

தெய்வம்மா எஸ்டேட்டின் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்பவர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறைக்கு அந்தப் பெயர், அதுவும் சிலோனிலிருந்து வந்ததுதான். இருபத்தொன்பது வருடமாக அங்கே தொட்டில் ஆட்டுகிறார். கல்யாணமான இரண்டாம் வருடம் புருஷன் வேலை தேடிக் கீழே போனார், அப்புறம் மலை ஏறவில்லை. தெய்வம்மா அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கால்பந்தைப் பற்றிப் பேசாமலும் பார்த்ததில்லை.

மைதானத்தில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. வடக்குப் பக்கக் கோலுக்குப் பின்னால், கவிழ்த்த கொழுந்துப் பெட்டியின் மேல். எல்லாரும் கத்துகிறபோது அவர் கத்தமாட்டார். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துக்கொண்டு ஆட்டக்காரர்களின் ஜாதகத்தை வாசிப்பார். ஏனென்றால் வெள்ளேரியில் முப்பது வயதுக்குட்பட்ட எல்லாரும் அவர் தொட்டிலில் கிடந்தவர்கள்தான். "அவன் எட்டு மாசத்துலயே நடந்தவன். அவசரக்காரன். பந்த நிப்பாட்ட மாட்டான், பாருங்க" என்பார். நிறுத்தமாட்டான். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இருபது வருடமாகக் கால்பந்து பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியாதது தொட்டில் ஆட்டுகிறவருக்கு எப்படித் தெரிகிறது என்று.

கேரள எல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம். அதனால் எங்களுக்குப் பதினொருவர் ஆட்டம் தொலைக்காட்சியில் மட்டும்தான், நேரில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ். பெரிய போட்டி வந்தால் வயநாட்டிலிருந்தும் நிலம்பூரிலிருந்தும் நாலு பேரை அழைத்து வந்து எங்கள் சட்டையை மாட்டி இறக்கிவிடுவோம். எல்லாக் கிளப்பும் செய்வதுதான். அதில் யாரும் வெட்கப்பட்டதில்லை, தெய்வம்மாவைத் தவிர.

போன வருடத்துக்கு முந்தின வருடம் எங்கள் கால்பந்துச் சங்கத்துக்குக் கொஞ்சம் நிதி சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம். புதுச் சட்டை என்ன நிறம் என்பதுதான் பேச்சு. ஃபேக்டரியில் டிரையர் ஓட்டும் அஜய் தன் போனில் வரைந்து கொண்டுவந்திருந்தான். முழுக் கறுப்பு, நெஞ்சில் தங்க நிறத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். கொழுந்து லாரி டிரைவர் பாண்டியனுக்கு அது பிடிக்கவில்லை.

"கறுப்பு துக்கத்துக்குப் போடுறது. பச்சதான் நம்ம அடையாளம். அத மாத்துறதுன்னா பேரையும் மாத்திக்கங்க" என்றார்.

"அர்ஜென்டினா மூணு வருசத்துக்கு ஒருக்கா டிசைன் மாத்துது, அண்ணே. அடையாளம் போயிருச்சா?" என்றான் அஜய்.

"மாத்தினாலும் அந்த நீலக் கோடு போகல பாத்தியா?"

நான் ஆரஞ்சு நிறத்துக்காகப் பேசினேன். மஞ்சில் தெரியும், வெயிலில் வெளுக்காது, திருப்பூரில் அந்தத் துணி எப்போதும் கிடைக்கும். பிறகு காலர் வைப்பதா, வட்டக் கழுத்தா என்று ஒரு மணி நேரம் போயிற்று. எண் முதுகில் மட்டும் போதுமா, நெஞ்சிலும் வேண்டுமா என்று இன்னொரு அரை மணி நேரம். நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதியவர்கள்கூட இவ்வளவு நேரம் ஒரு விஷயத்தில் நின்றிருக்கமாட்டார்கள். அப்போதுதான் வாசல் பக்கமிருந்து தெய்வம்மா கேட்டார்.

"சட்ட நம்மளது. சரி. உள்ள இருக்கப் போறது யாரு வீட்டுப் புள்ள?"

நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நிலம்பூர்ப் புள்ளைக்கி ஆரஞ்சு போட்டா என்னா, கறுப்பு போட்டா என்னா? அந்தக் காசுல ஒரு மாஸ்டர கூட்டியாங்க. ஞாயித்துக்கிழமைக்கி ஞாயித்துக்கிழம நம்ம புள்ளைங்களுக்குப் பழக்கட்டும். இந்த லயத்து வீடுங்கள்லேருந்து ஒரே ஒரு புள்ள பெரிய அகாடமிக்கிப் போகணும். நான் சாகுறதுக்குள்ள அதப் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"ஏனுங்க்கா, கோச்சு வந்தா மட்டும் அகாடமில கூப்ட்டு எடுத்துக்குவாங்களா? நம்மூட்டுப் பசங்களுக்கு ஓட்றதுக்கு ஒரு மட்டமான எடம் கூட இல்லீங்க" என்றேன் நான்.

"ஏத்தத்துல ஓடுன காலு மட்டத்துல நிக்குமா, தம்பி? நீங்க சட்ட விக்கிறவரு, அப்புடித்தான் சொல்லுவீங்க."

கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கை தூக்கச் சொன்னார்கள். நான் எண்ணிப் பார்த்தவரை சட்டைக் கட்சிக்குத்தான் ஜெயம். ஆனால் தெய்வம்மா முன்கூட்டியே கொழுந்துக்காரப் பெண்கள் பதினான்கு பேரைக் கூட்டிவந்து வெளித் தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்தார். பெண்களுக்குச் சங்கத்தில் ஓட்டு உண்டா என்று பாண்டியன் கேட்டார். "சந்தா யாரு சம்பளத்துல போச்சு?" என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள். பாண்டியன் உட்கார்ந்துவிட்டார். இப்படியாகப் பச்சைச் சட்டை தப்பித்தது, அகாடமி தொடங்கியது. அகாடமி என்று தெய்வம்மாதான் சொல்வார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் என்போம்.

எருமாடு என்ற பக்கத்து ஊரிலிருந்து பிரசாத் என்பவர் பயிற்சிக்கு வந்தார். ஒரு காலத்தில் செவன்ஸில் பெயரெடுத்தவர், இப்போது முழங்காலில் தகடு. தமிழில் பாதி மலையாளம் கலந்து பேசுவார். பிள்ளைகள் பதினெட்டுப் பேர். அவர்களுக்குச் சின்ன ஜெர்சி தைக்கலாம் என்று நான் போய் நின்றேன். எனக்கும் வியாபாரம் வேண்டாமா? தெய்வம்மா கையசைத்துவிட்டார். பெரியவர்களின் பழைய பச்சைச் சட்டைகளைத் துவைத்துக் கொடுத்தார். முழங்கால் வரை தொங்கியது, கை மணிக்கட்டைத் தாண்டியது. "வளர்ற புள்ளைங்கதானே, தம்பி. பெருசா இருந்தா என்னா?" என்றார்.

அதில் நான் குற்றம் சொல்ல முடியாது. என் கடைக்கு யூனிஃபார்ம் எடுக்க வரும் எந்தத் தாயும் பிள்ளையின் அளவுக்கு எடுத்ததில்லை. ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பார்கள். ஜூனில் சட்டைக்குள் பிள்ளை தொலைந்துபோயிருக்கும், மார்ச்சில் பிள்ளை கிடைத்துவிடும், சட்டை கிழிந்திருக்கும்.

பதினெட்டுப் பேரில் ராஜப்ரியா ஒருத்தி. கொழுந்து பறிக்கும் ரேணுகாவின் மகள். எட்டாம் வகுப்பு, ஆனால் அந்த வகுப்பிலேயே குள்ளம். வந்த முதல் நாளே தெய்வம்மா பிரசாத்திடம் சொல்லிவிட்டார். "இந்தப் புள்ள எடது காலு. ஒன்றர வயசுல சுவத்த எத்துறப்பவே எடதுதான். வலதுல பழக்கிப்புடாதீங்க." பிரசாத் சிரித்தார். மூன்றாம் வாரம் சிரிப்பு நின்றது. "சேச்சி சொன்னது சரியா. இவளு களிக்காரியா" என்று என் கடையில் வந்து சொல்லிவிட்டுப் போனார். களிக்காரி என்றால் ஆட்டக்காரி. நானும் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் சரிந்த எங்கள் மைதானத்தில் பந்து எங்கே உருளும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. தொங்கும் சட்டையை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, தன்னைவிட ஒரு முழம் உயரமான பையன்களுக்கு நடுவில் புகுந்து வெளியே வருவாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மூன்று மணிக்கே சாத்த ஆரம்பித்தேன்.

போன அக்டோபரில் கோழிக்கோட்டுப் பக்கத்து அகாடமி ஒன்று பெண் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மட்டும். தங்குமிடம், பள்ளிக்கூடம், பயிற்சி எல்லாம் அவர்களுடையது. பிரசாத் தன் ஜீப்பில் ராஜப்ரியாவை அழைத்துப் போனார். ரேணுகா லீவு போட்டுக்கொண்டு போனாள். தெய்வம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று முழுவதும் பிள்ளைக்காம்பரா வாசலிலேயே நின்றாராம்.

சாயங்காலம் பிரசாத் போன் செய்தார். இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் ஒன்பது பேரை எடுத்தார்கள், அதில் ராஜப்ரியா ஒருத்தி. அஜய் மடுவத்தின் மணியை அடித்துவிட்டான். யாருக்கோ விபத்து என்று நினைத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். தெய்வம்மா கொழுந்துப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது வெள்ளேரி அன்றுதான் பார்த்தது. "போதும் தம்பி, போதும்" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். நான் சட்டை விஷயத்தை மன்னித்துவிட்டேன்.

மறுநாள் ரேணுகா காகிதங்களை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிக்கூடச் சான்று. மூன்றும் இரண்டு பிரதி. பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். ஜெராக்ஸ் போடுகிறவன் காகிதத்தைப் படிக்கக் கூடாது என்பது என் தொழில் தர்மம். ஆனால் மூன்றையும் அடுத்தடுத்துக் கண்ணாடி மேல் வைக்கும்போது கண் பட்டுவிடுகிறது. ஆஸ்பத்திரி கொடுத்த பிறப்புச் சான்றிதழில் 14.3.2013. ஆதாரில் 14.3.2012. பள்ளிக்கூடச் சான்றிலும் 2012. அகாடமியின் தாளில் 2013 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"ஏம்மா ரேணுகா, இது எப்படி ஒரு வருசம் முன்ன பின்ன இருக்குது?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "அது இஸ்கூல்ல சேக்குறதுக்கு அக்கா ஒரு வருசம் கூட்டி எழுதிக் குடுத்தாங்க, அண்ணே. எல்லாப் புள்ளைக்கும் அப்புடித்தானே."

எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். இது எனக்கும் தெரியாத விஷயமில்லை, யோசித்துப் பார்க்காத விஷயம். எங்கள் எஸ்டேட்டில் நாலு வயது முடிந்த பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து முடியாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். அங்கன்வாடி கீழ் டிவிஷனில் இருக்கிறது, நடுவில் ஆனை இறங்கும் சோலை. இந்த ஒரு வருட இடைவெளியில் பிள்ளையை யார் பார்ப்பது? தாய் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாதவர்களுக்குப் பிள்ளைக்காம்பரா பதிவேட்டிலிருந்து ஒரு சீட்டு கொடுத்தால் போதும், பள்ளிக்கூடத்தில் ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே சான்றிதழை யாரும் கையில் கொண்டுபோவதில்லை. தெய்வம்மா பதிவேட்டைப் பார்த்து, ஒரு வருடத்தைக் கூட்டி, தன் உருண்டைக் கையெழுத்தில் சீட்டு எழுதிக் கொடுப்பார். தாய் மறுநாள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவாள். பள்ளிக்கூடத் தேதியை வைத்து ஆதார் எடுப்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. வளர்கிற பிள்ளைதானே.

நான் அகாடமிக்குப் போன் போட்டேன். பேசியவர் தன்மையான மனிதர். மூன்று தாளிலும் ஒரே தேதி இருக்க வேண்டும், வயதைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம், அதனால் விதி இப்படி, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை, திருத்தி அனுப்புங்கள், பத்து நாள் இருக்கிறது என்றார். கடையைப் பூட்டிவிட்டு நானும் ரேணுகாவும் அலைந்தோம். ஆதார் திருத்தப் போனால் முதலில் பள்ளிப் பதிவைத் திருத்திக்கொண்டு வா என்றார்கள். பள்ளியில் கேட்டால் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார்கள். மேலிடத்தில் மனுவை வாங்கிக்கொண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். யார் மேலும் தப்பு இல்லை. அதுதான் எனக்கு அதிகக் கோபம் வந்த இடம்.

நாலாம் நாள் தெய்வம்மாவிடம் போய்ச் சொன்னேன். தொட்டில்கள் நடுவில் பால் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு முதலில் புரியவே இல்லை.

"புள்ள அதே புள்ளதானே? அவுங்க நேர்ல பாத்தாங்கல்ல?"

"பாத்தாங்க்கா. ஆனா தாள்ல பன்னண்டு தாண்டிருச்சுன்னு இருக்குதுங்க."

"தாளு யாரு எழுதினது? நான் எழுதினது. நான் வந்து சொல்லுறேன், நான்தான் கூட்டி எழுதினேன்னு. கேப்பாங்கதானே?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"எட்டு வயசுல கப்பல்ல வந்தேன், தம்பி. மண்டபத்துல கேம்ப்புல ஒரு ஐயா மேச போட்டு எழுதினாரு. எங்க அப்பா பதினொண்ணுன்னு சொன்னாரு. சீக்கிரம் எஸ்டேட்டுல பேர் பதியலாம்ல, அதுக்கு. அந்த ஐயா என்னைய ஏற எறங்கப் பாத்தாரு, பதினொண்ணுன்னு எழுதிக்கிட்டாரு. அவ்வளவுதான். அன்னையிலேருந்து எனக்கு மூணு வயசு கூட. அதால எனக்கு ஒண்ணும் கெட்டுப் போகல. வயசுன்னா பேனா புடிச்சவுங்க எழுதுறதுன்னுதான் நான் நெனச்சேன்."

பிறகு அலமாரியிலிருந்து பதிவேடுகளை இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை வரும் பதினெட்டுப் பேரின் பெயரையும் விரலால் தேடினார். நான் கதவருகில் நின்றேன். ஒரு பெயரைக் கண்டுபிடித்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார், பிறகு அடுத்தது. கடைசியில், "பதினாலு" என்றார். பதினெட்டில் பதினான்கு பேர் தாளில் ஒரு வயது மூத்தவர்கள். இனி எந்த வயதுத் தேர்வுக்குப் போனாலும் தங்களைவிட ஒரு வருடம் பெரிய பிள்ளைகளோடுதான் அவர்கள் மோத வேண்டும்.

பத்து நாள் முடிந்தது. ராஜப்ரியாவின் இடத்துக்கு வேறொரு ஊர்ப் பிள்ளை போனாள். பன்னிரண்டு வயதுக்கு மேல் அந்த அகாடமி புதிதாக எடுப்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தெய்வம்மா எழுந்து நின்று சொன்னார். "நான்தான் எழுதினேன். கேக்குறதுன்னா என்னையக் கேளுங்க." யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. திட்டவில்லை. "நீங்க எழுதலன்னா நான் வேலைக்கிப் போயிருக்க முடியுமாக்கா?" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். நாலு பேர் நறுக்கென்று கேட்டிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். ரேணுகா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த ராஜப்ரியா கேட்டாள்.

"பெரியம்மா, அப்ப எனக்கு நெசமா எத்தன வயசு?"

"பதினொண்ணு, சாமி" என்றார் தெய்வம்மா.

அவள் எழுந்து வெளியே போனாள். இரண்டு மாதம் மைதானத்துப் பக்கம் வரவில்லை. தெய்வம்மாவும் வரவில்லை. கொழுந்துப் பெட்டி கவிழ்த்த இடத்திலேயே கிடந்தது, யாரும் அதன் மேல் உட்காரவில்லை. அஜய் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சட்டைப் பேச்சை எடுத்தான். எனக்கே பேச வாய் வரவில்லை. அந்த இரண்டு மாதமும் எனக்கு அந்த அம்மாள் மேல் கோபமா இரக்கமா என்று தெரியவில்லை. கோபம்தான் என்று வைத்துக்கொண்டேன், சுலபமாக இருந்தது.

பிப்ரவரியில் தெய்வம்மா ஆளனுப்பினார், பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க வேண்டும், அளவு நாடாவோடு வரவும் என்று. போனேன். உள்ளே மாலதி நின்றிருந்தாள். புதிதாக வேலைக்குப் பேர் பதிந்தவள். அவள் மகனுக்கு அந்த வாரம் நாலு முடிந்திருந்தது.

"ஜூன்ல இஸ்கூல்ல போட்டுறேன் அக்கா. ஒரு வருசம் கூட்டி எழுதிக் குடுங்க."

"எழுத மாட்டேன்" என்றார் தெய்வம்மா.

"எல்லாருக்கும் குடுத்தீங்க. எனக்கு மட்டும் ஏன்? என் பேர வெட்டிருவாங்க அக்கா. வேல போச்சின்னா நான் எங்க போவேன்?" மாலதி அழ ஆரம்பித்துவிட்டாள். "ஏதோ ஒரு புள்ள பந்து வெளையாடப் போகலன்னு என் வயித்துல அடிக்கிறீங்களா?"

தெய்வம்மா அவளை அழவிட்டார். பிறகு, "புள்ளைய இங்கயே விடு" என்றார். "ஒரு வருசம். அஞ்சு முடியிற வரைக்கும்."

"வச்சிக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களே."

"சொல்லட்டும். மெமோ குடுக்கட்டும்."

மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

"ஏனுங்க்கா, நீங்க டிசம்பரோட ரிட்டயர் ஆகறீங்கல்ல? அந்தப் பையனுக்கு அடுத்த ஜூன் வரைக்கும் வேணுமே?"

"ஆமா. அம்பத்தெட்டு முடியிது. தாளுல." பக்கத்துத் தொட்டிலின் கயிற்றை ஒருமுறை இழுத்துவிட்டார். "நெச வயசுன்னா இன்னும் மூணு வருசம் இருந்திருப்பேன் தம்பி. இப்பத்தான் தெரியிது, அந்தக் கேம்ப்புல என்னா போச்சின்னு." பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "அதுக்கப்புறம் என் வீட்டுல வச்சிப் பாக்குறேன். இந்த வருசம் நாலு முடியிறது மொத்தம் ஆறு புள்ளைங்க. பாய் விரிச்சா போதும்."

அளவு எடுத்தோம். ஆறு பிள்ளைகளும் நிற்கமாட்டேன் என்றார்கள். வழக்கம்போல நான் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அங்குலம் கூட்டிக் குறித்துக்கொண்டேன். தெய்வம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"கூட்டாதீங்க தம்பி. இன்னைக்கி என்னா அளவோ அதுக்குத் தைக்கச் சொல்லுங்க. பத்தாமப் போனா அடுத்த வருசம் வேற தச்சிக்கலாம்."

"என்ன நெறமுங்க்கா?"

"நீங்க அன்னைக்கிச் சொன்னீங்களே, ஆரஞ்சு. மஞ்சுல தெரியும்னு." இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த வெற்றி. அனுபவிக்க முடியவில்லை.

ராஜப்ரியா மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக வந்து வரிசையில் நின்றாள். பிரசாத் பந்தை அவள் இடது பக்கம் உருட்டிவிட்டார். தாளைத் திருத்தும் மனு இன்னும் மேலிடத்தில்தான் இருக்கிறது. தெய்வம்மா அன்றைக்குப் பெட்டியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

போன வாரம் கடைக்கு வந்து ஒரு நோட்டுப் பக்கத்தை நீட்டினார். "மூணு ஜெராக்ஸ். ஒண்ணு இஸ்கூலுக்கு, ஒண்ணு பிரசாத் மாஸ்டருக்கு, ஒண்ணு எனக்கு." அதே உருண்டைக் கையெழுத்து. ஆறு பிள்ளைகளின் பெயர், ஆஸ்பத்திரிச் சான்றிதழில் உள்ளபடி பிறந்த தேதி, எந்தக் கால். மாலதியின் மகனுக்கு நேரே வலது என்று எழுதி, அடித்து, இரண்டும் என்று எழுதியிருந்தார்.

கண்ணாடி மேல் வைக்கும்போதுதான் அடியில் ஏழாவதாக ஒரு வரி இருப்பதைப் பார்த்தேன். தெய்வம்மா, மாசி மாதம், 1970. தேதி தெரியாது போலிருக்கிறது, எழுதவில்லை. கால் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்.

அந்த வரியை மறைத்து எடுக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். அவர் வாசலில் திரும்பி நின்று மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்காமல் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன்.